நான்காவது பூச்சு

வண்டி கிளம்பாத ஒன்பதாவது நாள் காலை, சூப்ரண்டு கோப்பில் ஒரு புதுத் தாளைச் செருகினார். மேலட்டையில் "மோட்டார் சைக்கிள் – கிளம்பாமை தொடர்பாக" என்று உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே தாளுக்கு நான்கு கட்டம்: வரிசை எண், குறை, எடுத்த நடவடிக்கை, பொறுப்பு. வண்டி மக்கர் செய்தால் மற்றவர்கள் ஸ்பானரைத் தேடுவார்கள். அவர் கட்டம் போட ஸ்கேலைத் தேடினார்.

பழைய பதிவேடுகளைக் காத்துவைக்கும் அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். இருபத்தெட்டு வருடம் ஒரே நாற்காலி. சூப்ரண்டு என்ற பெயர் அலுவலகத்தில் ஒட்டி, தெருவுக்கு வந்து, வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவார்கள். ஒரு வாரம் முன்பே சூப்ரண்டு பெயிண்ட் டப்பாக்களை வரவழைத்துவிடுவார். அலமாரி, நாற்காலிக் கால், கதவு, கதவின் கீல், எல்லாவற்றுக்கும் அடி விழும். ஈரம் கசிந்த சுவரா, மேலே ஒரு பூச்சு. கரையான் ஏறிய சட்டமா, மேலே இரண்டு பூச்சு. ஜன்னல்கள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பதினாறு வருடமாகத் திறப்பதில்லை. கடைநிலை ஊழியரை அழைக்கும் மணியின் பொத்தானுக்கும் ஒருமுறை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அது அமுங்குவதில்லை. சூப்ரண்டு கைதட்டித்தான் கூப்பிடுவார். ஆனால் ஆய்வுக்கு வந்தவர்கள் ஒரு வருடம்கூடக் குறை எழுதியதில்லை. "பளிச்சென்று இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வாக்கியத்தை அவர் இருபத்தெட்டு தடவை வாங்கியிருக்கிறார்.

வீட்டிலும் அதே கைதான். அடுக்களை ஜன்னல் ஒட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. தாளிக்கிற புகை வெளியே போக வழியில்லாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு சூப்ரண்டின் சட்டைகளில் தங்கும்.

"என்னங்க, அந்த ஜன்னல..." என்று மனைவி தொடங்குவாள்.

"பாக்கலாம்" என்பார். பாக்கலாம் என்பது அவர் அலுவலகத்தில் ஒரு மனுவுக்குத் தரப்படும் நீண்ட ஆயுள்.

வீடு மாமனாருடையது. சூப்ரண்டு வீட்டோடு மாப்பிள்ளை. இருபத்தாறு வருடம் முன்பு ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக வந்தவர். குடை தொலைந்துவிட்டது. மற்றபடி அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல அந்தப் பெட்டி மட்டும்தான்.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசு சரியாக நிற்கிறதா என்று பார்க்கிற வேலை. அதற்காக அவர் வைத்திருந்ததுதான் இந்த மோட்டார் சைக்கிள். அதன் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தட்டின் அடியில் ஒட்டியிருந்த காந்தங்கள் கல்லாப் பெட்டிக்குள் ஓடி ஒளியும் என்பார்கள். வயது எண்பதைத் தாண்டி, கண்ணில் புரை விழுந்து, பதினைந்து வருடமாக அவரும் வெளியே போவதில்லை, வண்டியும் போவதில்லை. அவர் முன்னறை நாற்காலியிலும் அது கொட்டகையில் சாக்குக்கு அடியிலும் இருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் சூப்ரண்டு ஒருநாள் ஆசைப்பட்டு அந்தச் சாவியை எடுத்தார். மாமனார் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இது ஃபைல் இல்ல மாப்ள, தள்ளிவிட்டா போயிடறதுக்கு."

சுற்றி மைத்துனிகள் நின்றிருந்தார்கள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனால் சூப்ரண்டு கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் காதில் அது புதிதாகக் கேட்டது.

போன மாதம் ஓட்டல்காரர் ஒருவர் வந்தார். பழைய கிடங்கு ஒன்றை வாங்கி ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டுவதற்குப் பழைய சாமான்கள் சேர்க்கிறாராம். தையல் மிஷின், ரேடியோ எல்லாம் கிடைத்துவிட்டது. நடுச் சுவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள்தான் பாக்கி.

"சிவப்பு கலர் அடிச்சி, லைட் போட்டு, பத்தடி உசரத்துல மாட்டிடுவேன் பெரியவரே. வர்றவங்க எல்லாம் கீழ நின்னு போட்டோ எடுப்பாங்க. வண்டிக்கு ஒரு மரியாத."

மாமனார் யோசித்தார். "ஓடுற வண்டின்னா வீட்ல இருக்கலாம். ஓடாத வண்டி எங்க இருந்தா என்ன? தொங்கட்டும்."

சூப்ரண்டு அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாய் அவரைக் கேட்காமலேயே திறந்தது. "ஓட வச்சா?"

மாமனார் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினார். "யாரு?"

"நான்தான் மாமா."

"அது தெரியுது. யாரு ஓட வைக்கப் போறான்னு கேட்டேன்."

"நான்தான் மாமா."

மாமனார் மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழம, காலைல பத்து மணி. கிளம்பிச்சின்னா வண்டி உங்களுது மாப்ள. கிளம்பலன்னா இவரு லாரி கொண்டாரட்டும்."

உங்களுது. அந்த வீட்டில் அந்தச் சொல்லை சூப்ரண்டு முதல் தடவையாகக் கேட்டார்.

வேறொருவராக இருந்தால் மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார். சூப்ரண்டு பெயிண்ட் கடைக்குப் போனார். அழுக்கு வண்டியை எப்படி ஒருவரிடம் காட்டுவது? முதல் இரண்டு வாரம் பெயிண்ட் அடித்தே போனது. துருவைத் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, மேலே கரும்பச்சை. ஒன்று காய்ந்ததும் இன்னொன்று. மொத்தம் மூன்று பூச்சு. அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் சீட்டுக்கு அடியில், பேட்டரி உட்காரும் பெட்டிக்குப் பக்கத்தில், காசளவு ஓர் இடத்தைக் கண்டார். சட்டத்தில் அந்த இடத்தில் மட்டும் பெயிண்டே இல்லை. யாரோ சுரண்டி எடுத்தது போல வெறும் இரும்பு தெரிந்தது.

சூப்ரண்டுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. உலகத்துத் தராசை எல்லாம் குறை சொன்ன மனிதரின் வண்டியில் ஒரு குறை! அதை அவர் கோப்பின் முதல் தாளில் முதல் வரியாகவே எழுதிக்கொண்டார். அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு நான்காவது பூச்சும் கொடுத்தார். காய்ந்ததும் பேட்டரியிலிருந்து வரும் வயரை அதே இடத்தில் போல்ட்டு போட்டு இறுக்கி, போல்ட்டின் தலை தனியாகத் தெரிகிறதே என்று அதற்கும் ஒரு தொடு தொட்டார்.

பிறகு மெக்கானிக் வந்தார். பெட்ரோல் வரும் வழி எல்லாம் கழுவி, புது பிளக் போட்டு, உதைத்தார். ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றி இஞ்சின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தார்.

"ஸ்பார்க் வரல சார். பேட்டரி போயிருக்கும்."

புது பேட்டரி வந்தது. ஸ்பார்க் வரவில்லை. அப்படியானால் காயில் என்றார். புது காயில் வந்தது. அப்படியானால் பாயின்ட் என்றார். பாயின்ட்டும் புதிதாக வந்தது. முகப்பு விளக்கைப் போட்டால் மின்மினி போல ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஐந்தாம் நாள் மெக்கானிக் வரவில்லை. போன் செய்தால், ஒரு துக்கத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார். பின்னால் ஸ்பானர் சத்தம் கேட்டது.

அடுத்து பக்கத்து வீட்டுக்காரர். போனில் வீடியோ பார்த்தே உலகத்தை ரிப்பேர் செய்கிறவர். தெருவில் அவருக்கு வீடியோக்காரர் என்றே பெயர். வண்டிக்கு முன்னால் போனை நிறுத்திவைத்து, அதில் பேசுகிறவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வயராகக் கழற்றினார். பாதியில் போனில் சார்ஜ் தீர்ந்தது. கழற்றியதை எங்கே மாட்டுவது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

கோப்பு மட்டும் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. பொறுப்பு என்ற கட்டத்தில் மெக்கானிக், பேட்டரி விற்றவர், காயில் விற்றவர், வீடியோக்காரர், ஒருநாள் மழை பெய்ததால் வானிலை, எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

இப்படியே ஒன்பதாவது நாளும் வந்தது. சனிக்கிழமை. மறுநாள் லாரி. சூப்ரண்டு கடைசியாக வண்டிகளுக்கு வயர் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அவர் அதிகம் பேசாதவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஹாரன் அடிங்க சார்."

அடித்தார். சளி பிடித்த ஆடு தொண்டையைச் செருமியது போல ஒரு சத்தம்.

"பேட்டரி புதுசு, வயர் புதுசு, காயில் புதுசு. ஹாரனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" எலக்ட்ரீஷியன் பையிலிருந்து ஒரு சின்ன பல்பை எடுத்தார். அதற்கு இரண்டு பக்கமும் வயர் கட்டியிருந்தது. இரண்டு முனையையும் பேட்டரியின் இரண்டு முனைகளில் தொட்டார். பல்ப் பளீரென்று எரிந்தது. பிறகு ஒரு முனையைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, மற்றதை வண்டியின் சட்டத்தில் வைத்தார். எரியவில்லை.

"பாத்தீங்களா? கரண்ட்டு போகவும் வழி வேணும், திரும்பி வரவும் வழி வேணும் சார். போறதுக்கு வயர் இருக்கு. வர்றதுக்கு வண்டியோட உடம்புதான் வழி. இந்த வண்டியில அது எங்கயோ அடைச்சிருக்கு. பெயிண்ட கொஞ்சம் கீறிட்டு வச்சுப் பாத்தாதான் எங்கன்னு சொல்ல முடியும்." ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தார்.

சூப்ரண்டு குறுக்கே பாய்ந்தார். "கீறவா? என்ன வெளையாடுறீங்களா? மூணு கோட்டு அடிச்சிருக்கேன்!"

"அரிசி அளவு போதும் சார்."

"எள்ளளவும் கூடாது."

"அப்ப எப்படி சார் பாக்கறது?"

"கீறாம பாருங்க."

எலக்ட்ரீஷியன் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அவசரமே இல்லாமல் பையின் ஜிப்பை இழுத்தார். "ஊசி குத்தக் கூடாது, காய்ச்சல் மட்டும் போகணும். நல்ல பேஷண்ட் சார் நீங்க. வரேன்."

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "என்ன மாப்ள, டாக்டர் கைவிட்டுட்டாரா?"

சூப்ரண்டு பொறுப்புக் கட்டத்தில் "எலக்ட்ரீஷியன் (ஒத்துழைப்பின்மை)" என்று எழுதினார். அன்று முழுவதும் உதைத்தார். வலது கால் முட்டி வீங்கியது. வண்டி மட்டும் ஆய்வு நாளின் அலுவலகம் போலப் பளபளவென்று நின்றது. அதில் அவர் முகம்கூடத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே ஓட்டல்காரர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். பின்னால் சின்ன லாரி, கயிற்றோடு இரண்டு ஆட்கள். வண்டியை டேப்பால் அளந்தார்.

"பெயிண்ட் வேல சூப்பர் சார். ஆனா பச்ச என் சுவத்துக்கு எடுக்காது. மேலயே சிவப்பு அடிச்சிக்கறேன். சக்கரம் சுத்தாம வெல்டிங் வச்சிருவேன்."

வெல்டிங் என்றதும் சூப்ரண்டு ஹேண்டில்பாரைப் பற்றிக்கொண்டார். முன்னறையைத் திரும்பிப் பார்த்தார். மாமனார் நாற்காலியை வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி, காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். மனைவி நிலைப்படியில் நின்றாள். அவள் அப்பாவையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கயிறு வைத்திருந்த ஆட்களைப் பார்த்தாள்.

வீங்கிய காலோடு சூப்ரண்டு கடைசியாக ஒருமுறை உதைத்தார். டொக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"மணி பத்து ஆகப்போகுது சார்" என்றார் ஓட்டல்காரர்.

ஆட்கள் கயிற்றைப் பிரித்தார்கள். அப்போது சூப்ரண்டு கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். ஒப்படைப்பு இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஒரு பொருள் கை மாறுதுன்னா என்ன நிலைமையில மாறுதுன்னு படிச்சுக் காட்டணும். கேட்டு நீங்க கையெழுத்துப் போடணும்."

"சார், இது தொங்கப்போற வண்டி."

"தொங்கினாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு."

ஓட்டல்காரர் மாமனாரைப் பார்த்தார். "படிக்கட்டும் விடுங்க" என்றார் மாமனார். "அவருக்குத் தெரிஞ்சது அதான்."

சூப்ரண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோப்பைத் திறந்து, அலுவலகக் குரலில் தொடங்கினார்.

"வரிசை எண் ஒன்று. குறை: இருக்கைக்கு அடியில், மின்கல வயர் பொருத்தும் இடத்தில், சட்டத்தின் வண்ணம் சுரண்டப்பட்டு வெற்று இரும்பாகக் காணப்பட்டது. நடவடிக்கை: நான்கு பூச்சு கொடுத்துச் சீர்செய்யப்பட்டது. பொறுப்பு: முந்தைய உரிமையாளரின் கவனக்குறைவு. வரிசை எண் இரண்டு..."

"மாப்ள."

மாமனார் டம்ளரைக் கீழே வைத்திருந்தார்.

"மொதல்ல படிச்சதத் திருப்பிப் படிங்க."

சூப்ரண்டு திருப்பிப் படித்தார். இருக்கைக்கு அடியில் என்றபோது குரல் கணீரென்று இருந்தது. வயர் பொருத்தும் இடத்தில் என்றபோது சற்று இறங்கியது. வர்றதுக்கு வண்டியோட உடம்புதான் வழி என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. நான்கு பூச்சு என்ற இடம் வந்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை அவர் படிக்கவேயில்லை.

"மாசம் ஒருவாட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன் அந்த எடத்த" என்றார் மாமனார், யாரிடமோ சொல்வது போல. "இருவது வருஷம் தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி இருக்கும்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. ஓட்டல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சூப்ரண்டு கோப்பை வண்டியின்மேல் வைத்தார். "ஏய்... அந்தக் கத்திய எடுத்துட்டு வா."

"எந்தக் கத்தி?"

"எதாவது கத்தி!"

மனைவி தக்காளி நறுக்குகிற கத்தியோடு ஓடிவந்தாள். சூப்ரண்டு சீட்டைத் தூக்கி, போல்ட்டைக் கழற்றி, வயரை விலக்கினார். கத்தியை வைத்தார். போட்ட கையெழுத்தைப் போட்டவரே அழிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு. பிறகு கீறினார். பச்சை சுருள் சுருளாக வந்தது. நான்காவது, மூன்றாவது, இரண்டாவது. அடிப்பூச்சின் சாம்பல் வந்தது. அதற்கும் கீழே, காசளவு, வெள்ளையாக இரும்பு விழித்துப் பார்த்தது. வயரின் முனையையும் போல்ட்டையும் சுரண்டி, மறுபடி இறுக்கினார். ஹாரன் பொத்தானில் விரலை வைத்தார்.

அது கத்திய கத்தலில் லாரி ஆட்களில் ஒருவர் கயிற்றைக் கீழே போட்டார். எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது.

முதல் உதைக்கு வண்டி இருமியது. இரண்டாம் உதைக்குத் தும்மியது. மூன்றாவதற்கு, பதினைந்து வருடமாக வயிற்றில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே தள்ளியது. கரும்புகை பின்னால் நின்றவர்மேல் போய்ப் படிந்தது. புகை விலகியபோது ஓட்டல்காரரின் வெள்ளைச் சட்டை எந்தச் சுவருக்கும் எடுக்காத நிறத்தில் இருந்தது.

"அப்ப என் சுவத்துக்கு?" என்று அவர் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"மாப்ளையோட ஃபைல மாட்டுங்க" என்று மாமனாரும் கத்தினார். "அதுவும் ஓடாது!"

சூப்ரண்டு சிரித்தார். தன்னைப் பற்றிய ஒரு கிண்டலுக்கு அந்த வீட்டில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாமனார் எழுந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலால் செருப்பைத் துழாவினார். வந்து பின்சீட்டைக் கையால் தடவிப் பார்த்து, காலைத் தூக்கிப் போட முடியாமல், ஒருக்களித்து உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க. உங்க வண்டி."

தெருமுனை வரை போனார்கள். அந்தக் காலத்து வண்டிக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். சூப்ரண்டு பிரேக் என்று கியரை மிதிக்க, வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்து உடனே வந்தது: "வலது எது, இடது எதுன்னு மனு போட்டுக் கேக்கணுமா மாப்ள?" இரண்டு தெரு சுற்றி வருவதற்குள் மாமனார் பதினொரு குறை சொன்னார். ஒன்றையும் சூப்ரண்டு கட்டத்தில் எழுதவில்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன.

லாரி காலியாகப் போனது. மாமனார் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். சூப்ரண்டு மேஜையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். முடிக்காத கோப்பை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குறை எழுதினார், நடவடிக்கை எழுதினார். பொறுப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முதலில் "பெயிண்ட்" என்று எழுதினார். பார்த்தார். அடித்தார். பக்கத்தில் ரொம்பப் பொடி எழுத்தில் "கண்காணிப்பாளர்" என்று எழுதினார். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கட்டத்துக்குள் அந்தச் சொல் வந்ததில்லை. கண்ணை உறுத்தியது. கை பழக்கத்தில் இழுப்பறைக்குள் போய், பிழை மறைக்கும் வெள்ளை மையின் குப்பியை எடுத்தது. மூடியைத் திருகினார்.

அடுக்களையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார். மனைவி தக்காளிக் கத்தியால் ஜன்னல் சட்டத்தின் இடுக்கைக் கீறிக்கொண்டிருந்தாள். பெயிண்ட் துணுக்குகள் அவள் தலைமயிரில் விழுந்திருந்தன.

"ரெண்டு கோட்டா, மூணு கோட்டாங்க இது?" என்றாள், திரும்பாமலே.

சூப்ரண்டு மூடியை மறுபடி இறுக்கி, குப்பியை இழுப்பறையில் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாலு" என்றார். "அந்தக் கத்திய இப்படிக் குடு."